பெப்ரவரி இருபத்தேழு

டாஷ்போர்டில் கிடந்த சிட்டைகள்
கறுத்துப் போய்விட்டன.
ஜனவரி வெயில், மூடிய வான்,
முப்பதுக்கு மேல்.
தொகை இல்லை, திகதி இல்லை,
ஒவ்வொன்றும் ஒரு கருகிய அப்பளம்.

நாளை காலாண்டுக் கணக்கு காட்ட வேண்டும்.

பென்டில் ஹில்லில் வாடகை வீட்டுக் கராஜ்.
கவிழ்த்த பசை வாளியில் குந்தியிருக்கிறேன்.
மற்ற வாளியில் கிடக்கிறது
மிச்சக் கணக்கு:
டைல் கடை, பெட்ரோல், வெட்டுத் தகடு,
யாரோ ஒருவருடைய வாசல் சாவி.

தரையில் நான் இப்படியில்லை.
அங்கே முதலில் நடுக்கோடு.
சோக்கு நூலை இழுத்து ஒரு சுண்டு,
நீலமாய் விழும் கோடு.
இரு சுவரோரமும் மிஞ்சும் துண்டு சமமா,
கதவடியில் விரலகலக் கீற்று வருமா என்று
பசை கரைக்குமுன்
வெறுந்தரையில் அடுக்கிப் பார்ப்பேன்.
ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
இரவு நித்திரை வராது.

அதே கைதான்
மெரிலாண்ட்ஸ் வீட்டின் அளவும் விலையும்
டைல் பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதி,
மஞ்சள் மூடித் தொட்டியில் போட்டது.
வியாழக்கிழமை லொறி வந்து
அதைக் கடதாசியாக்கக் கொண்டுபோயிற்று.

தர்மினி போனில் ஓர் அட்டவணை செய்து தந்தாள்.
பச்சை என்றால் காசு வந்தது.
மஞ்சள் என்றால் பில் போனது.
சிவப்பு எதற்கென்று
கேட்கக் கூச்சமாக இருக்கிறது,
எனக்கு எல்லாமே சிவப்பு.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது.
"உயிரோடுதான் இருக்கிறாயா?" என்றார்
மெரிலாண்ட்ஸ் திருமதி ஹத்தாத்.
"நவம்பரில் குளியலறை முடித்தாய்.
இன்னும் பில் வரவில்லை.
மேசை லாச்சியில் உன் காசு கிடந்து
என்னை முறைக்கிறது."

எத்தனை நாள் வேலை என்று கேட்க
வாய் வரவில்லை. கேட்டேன்.
குளிர்சாதனப்பெட்டிக் கதவில்
இறைச்சிக்கடைக் கலண்டர் வைத்திருக்கிறாராம்.
கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து வாசித்தார்:
திங்கள், பழையதை உடைத்தாய்.
செவ்வாய், தூசி, என் பூனை ஓடிவிட்டது.
புதன், பூனை வந்தது, நீ வரவில்லை.
வியாழன், ஒரு டைல் உடைந்தது,
உன் செலவில் வேறு வாங்கினாய்.
வெள்ளி மத்தியானம்
பிளாக்டவுனில் ஒழுகுது என்று ஓடினாய்,
கோப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

பிளாக்டவுன்!
அதற்கும் நான் பில் போடவில்லை.

எழுத மட்டை தேடிய கை
பாதியில் நின்றது.
போனைத் திறந்து
இரண்டு பெயர், இரண்டு திகதி.
நிறம் பிறகு பார்க்கலாம்.

பின் எழுந்து கராஜைக் கூட்டினேன்.
சோக்கு நூலை எடுத்தேன்.
சீமெந்தின் நடுவே ஒரு சுண்டு.
இடப்பக்கம் ஒக்டோபர்,
கோட்டோரம் நவம்பர்,
வலப்பக்கம் டிசம்பர்.
ஒவ்வொரு சிட்டையாய்
மூலைக்கு மூலை பொருத்தி,
இடையில் இரண்டு மில்லி விட்டு
அடுக்கிக்கொண்டு போனேன்.
கறுத்தவற்றைச் சுவரோரம்,
வெட்டுத் துண்டு போகும் இடத்தில்.

உள்கதவைத் திறந்த தர்மினி
கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள்.
"இதுக்குப் பசையும் போடப்போறியளோ?"
"காத்து வருது, கதவைச் சாத்தும்."

சாத்திவிட்டு வந்து
முழங்காலில் இருந்தாள்.
கறுத்ததில் ஒன்றை எடுத்து
விளக்கடியில் இப்படியும் அப்படியும் சரித்தாள்.
இமை சுருங்கியது.
வரியில் கழிக்க ஏதோ அகப்பட்டதென்று
நானும் பேனையைத் திறந்தேன்.

"கொத்துரொட்டி ரெண்டு,
டிசம்பர் ஒன்பது" என்றாள்.
"எனக்கு ஒண்டும் கொண்டுவரேல்லையே."