ஓ முதல் இசட் வரை

எங்கள் மாடியைத்தான் கடைசியாகக் கூப்பிட்டார்கள்.
வியாழக்கிழமை.
எனக்கு அது இன்னமும்
அடுத்தவர்களின் நாள்.

அப்போதெல்லாம் கடைக்குள் விட
குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்தார்கள்.
ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன்.
ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி.
வைத்திலிங்கம் என்றால் வரிசையின் வால்:
புதன், சனி.
மாவு தீர்ந்து, முட்டை தீர்ந்து
எங்களுக்கென்று மிஞ்சியவை
டின் மீனும் பொறுமையும்.

ரோஸ் ஹில்லில் ரயில் ஏறினேன்.
காலணி குதிகாலைக் கடித்தது;
வீட்டுத் தரையில் கிடந்து
பாதம் அகன்றுவிட்டது போலும்.
கொரமாண்டல் நிறுத்தம் வந்தது.
சோழமண்டலம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
முகக்கவசம் இருந்தபோது
வாயசைத்தே சொல்லிக்கொள்வேன்,
ஒருவருக்கும் தெரியாது.

மேசை நாட்காட்டியில் மார்ச்.
இழுப்பறையில் பாதி பிஸ்கட் பொட்டலம்,
விடுப்பே எடுக்காத எறும்புகள்.
சன்னலில் பூஸ் மலை
அதே கட்டைவிரலை உயர்த்தி நிற்கிறது,
எல்லாம் சரி என்பதுபோல.
எதைப் பார்த்துச் சொல்கிறதோ.

திரையில் ஊதா வட்டமும் ஓர் எழுத்துமாக இருந்த
யஷ்வீர் ஆறடி உயரம்.
அவன் குரலுக்கு நான் தைத்து வைத்திருந்த
குட்டை உடம்பை இனி எங்கே போடுவது?

சில்வியான் வந்தாள்.
முன்பென்றால் ஒரு கன்னம், பிறகு மறு கன்னம்.
இன்று அவள் முழங்கை நீட்ட
நான் கைகூப்பினேன்.
அவள் கைகூப்பியபோது
என் முழங்கை நீண்டிருந்தது.
சிரித்தோம்.
தொடவில்லை.

என்னைக் கடைசியாகத் தொட்டவள்
ஊசி போட்ட தாதி, கையுறையோடு.
வலித்ததா என்றாள்.
இல்லை என்று சொல்லிவிட்டேன்.
ஆமாம் என்றிருந்தால்
இன்னும் கொஞ்சம் பிடித்திருப்பாள்.

கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலியின் முதுகில்
யாரோ கோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
அது லாம் ஹங்கின் நாற்காலி என்று
ஒருவரும் சொல்லவில்லை.
மாலையில் எல்லோரும் கிளம்பினோம்.
கோட்டு மட்டும் அங்கேயே.

நடுவில் மதியம், தால்பூரி வண்டி.
தரையில் போட்ட மஞ்சள் கோடுகள்
மழையில் போய்விட்டன.
ஆனாலும் நாங்கள்
அவை இருந்த இடத்தில்தான் நின்றோம்.
பின்னாலிருந்து ஒருவர் நெருங்கி மூச்சு விட்டார்.
திரும்பி முறைத்தேன்.
பிறகு நாலு மணி வரை
அந்த மூச்சை நினைத்துக்கொண்டிருந்தேன்.
பூண்டு வாசனை. வேறொன்றுமில்லை.

திரும்பும் ரயிலில் எதிரே ஒருத்தி.
இடப்புருவத்துக்கு மேலே மச்சம்.
அதை எனக்குத் தெரியும்.
எத்தனை வாரம் எனக்கு ஒரு மீட்டர் முன்னால்,
பச்சைப் பூப்போட்ட துணிக்கு மேலே
திரும்பித் திரும்பிப் பார்த்த கண்கள்.
ஒருமுறை கடைசி உப்புப் பொட்டலத்தை
என் கூடையில் போட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் போனவள்.
அவளுக்கு நான் கொடுத்திருந்தது சின்ன வாய்.
இது பெரிய வாய், ஓரப் பல் உடைந்தது.
அவள்தானா?

அவளும் என் தாடையைச்
சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை?" என்றாள், கிரியோலில்.
"சனிக்கிழமையும்" என்றேன்.

பெட்டி அதிரும்படி சிரித்தாள்.
அதற்குள் அவள் இறங்குமிடம் வந்துவிட்டது.
கதவு மூடும் முன்
என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள்,
பேருந்தில் தூங்கிவிட்டவரை
எழுப்புவதுபோல.
பெயர் கேட்கவில்லை.
ஓவுக்கும் இசட்டுக்கும் நடுவில்
எங்கோ இருக்கிறாள்.

ரோஸ் ஹில்லில் இறங்கி
அதே கடைக்குள் போனேன்.
வாசலில் அட்டை கேட்பவர் இல்லை.
ஏ முதல் எஃப் வரையிலானவர்களின் நாளில்
மாவு, எண்ணெய், முட்டை என்று
ஒவ்வொரு வரிசையாக நடந்தேன்.
எல்லாம் இருந்தது.

ஒன்றும் வாங்காமல்
வெளியே வந்தேன்.