எட்டு மதிப்பெண் கட்டுரை

அரையாண்டுத் தாள்கள், நாற்பத்தொன்று.
முதுநகரில் ஏறியதும் மடிதான் மேசை.
'கடற்கரையில் ஒரு மாலை' –
குறிப்புச் சட்டகம் நான் கொடுத்தது:
முன்னுரை, அலைகள்,
சூரியன் மறையும் காட்சி, முடிவுரை.

நாற்பது பேரும் சூரியனைக்
கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.
வரிசையாக டிக் போட்டேன்,
தேவனாம்பட்டினத்தில் பிறந்த நான்.

சோனங்குப்பத்து ப. நிரஞ்சனா மட்டும்
"எங்க ஊர்ல சூரியன்
சிப்காட் புகைபோக்கிக்குப் பின்னாடி விழும்.
அப்பவே கடல் இருட்டாயிடும்.
அப்பா அதுக்குள்ளதான் போவாரு."
முன்னுரை இல்லை. மேற்கோள் இல்லை.
பேச்சு வழக்கு வேறு.
பத்து இடத்திலும்
கடற்கறை, கடற்கறை.

றகரத்தை வட்டமிட்டேன். அரை மதிப்பெண்.
ஒரே பிழை எத்தனை முறை வந்தாலும்
ஒருமுறைதான் கழிக்கணும், அது விதி.

குடிகாடு வரும்போது
ஜன்னல் வழியே அந்த வாடை.
ஒரு கை முந்தானையோடு மூக்குக்குப் போனது.
பேனா மூடி எங்கோ உருண்டது.

மூன்றரை என்று போட்டதை அடித்தேன்.
பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
"ஆலப்பாக்கம் யாரும்மா?" என்கிறார் நடத்துநர்.
வட்டங்கள் பத்தும்
ஈரமாகவே இருக்கின்றன.