எதிர்காத்து

நாலே முக்காலுக்குப் பாளை மார்க்கெட் முக்கு.
வருவோம் என்றது பதினோரு பேர்,
வந்தது ஆறு.
மீதி ஐந்து பேருக்கும் ஒரே காய்ச்சல்.

ஹைகிரவுண்டில் நைட் டூட்டி முடித்து
யூனிஃபார்மைப் பையில் சுருட்டி
நேரே வந்திருந்தாள் ஜெபக்கனி.
"தூங்கலியா?"
"பணகுடி போயிட்டு வந்து."

நாங்குநேரி வரை பேச்சிருந்தது.
வள்ளியூர் தாண்டியதும்
கணவாய் வழி இறங்கிய ஆனிக்காத்து
வாயிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டது.
காற்றாடிகள் எல்லாம் சுற்றுகின்றன,
நாங்கள்தான் நிற்கிறோம், மிதித்துக்கொண்டே.

ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருவர்
முன்னால் போய்க் காத்தை வாங்கணும்,
சங்கத்து விதி.
தன் முறை வந்தபோதெல்லாம்
செயலாளர் சுடலைமுத்து
ஷூ லேஸ் கட்டினார்.

ஜெபக்கனி போனாள்.
ரெண்டு, நாலு, ஏழு.
மாறச் சொல்லிக் கத்தினோம்.
காத்து அதை
எங்கள் முகத்திலேயே திருப்பி எறிந்தது.

பணகுடி டீக்கடையில் கேட்டேன்.
கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
"விடிய விடிய ஒரு ஆளுக்கு
பை அமுக்கிக்கிட்டே இருந்தேன்.
காத்து உள்ள போகவே மாட்டேன்னுட்டு.
இங்க பாருங்க,
எவ்வளவு சும்மா கிடக்கு."

திரும்புகையில் அதே காத்து
முதுகில் கைவைத்துத் தள்ளியது.

நோட்டில் செயலாளர் எழுதினார்:
ஆறு பேர். நூற்றுப்பத்து கி.மீ.
பஞ்சர் இல்லை.