ஏழு நாள் கெடு

ஆளில்லாத மனைக்கு நோட்டீஸ் ஒட்டப் போனேன்,
தச்சநல்லூர்ப் பக்கம்.
வாளியில் மைதாப் பசை, கக்கத்தில் காகிதம்.
உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும்.
ஆளில்லை என்றால் கதவில் ஒட்ட வேண்டும்.
கதவும் இல்லை என்றால்
எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில்.
மூன்று பக்கச் சுவரும் பக்கத்து வீட்டார் சுவர்;
அதில் ஒட்டினால் அது இன்னொரு புகார்.
கண்ணில் படும்படி அங்கே நின்றது
ஒரு சீமைக் கருவேலம்.

பட்டா, உலகம்மாள் வகையறா பேரில்.
வகையறாவில் ஒருவர் நாசிக்கில்,
ஒருவர் போன தையில் தவறிப்போனார்,
இரண்டு பேர் கோர்ட்டில் மட்டும் சந்தித்துக்கொள்கிறார்கள்.
மீதிப் பேர் எத்தனை என்று
உலகம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

மனுவில் ஏழு கையெழுத்து:
கொசு, பாம்பு, நாற்றம்,
ராத்திரி பாட்டில் உடைகிற சத்தம்.
இத்தனைக்கும் ஆபீசில் ஒரே பேர்,
பொதுத் தொல்லை.
சுகாதார ஆய்வாளர் பிரமநாயகம் சார்
அதை எழுதும்போது பேனாவை அழுத்துவார்,
அடித்தாளிலும் பதியும்.
யாருக்குத் தொல்லை, யாரால் தொல்லை என்று
படிவத்தில் கட்டம் கிடையாது.

முள் குத்தக் குத்த மரத்தில் ஒட்டினேன்.
சாட்சிக்குப் போட்டோ எடுத்தேன்.
திரும்பிப் பார்க்கையில் ஒரு ஆடு
'இதன் மூலம் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்' வரை
தின்று முடித்திருந்தது.
மைதா ருசி.
மனுவில் மூன்றாவது கையெழுத்துப் போட்டவரின் ஆடு.
போட்டோ இருக்கிறதே, என்றார் சார்,
சார்வு செய்தாயிற்று.

மாடத்தி மட்டும் வந்து கேட்டாள்,
கையில் வெட்டரிவாள், தலையில் சும்மாடு.
'அந்தக் காயிதத்துல என்னவே எழுதிருக்கு?'
சொன்னேன்.
'குப்பைய அள்ளுங்க, பாட்டில அள்ளுங்க,
மரத்த மட்டும் விட்டுட்டுப் போங்களேன்.
கேஸ் விக்கிற வெலைக்கு
ரெண்டு வருசமா இதுலதான் சோறு பொங்குதேன்.'
ஏழு கையெழுத்தில் அவளுடையது இல்லை.
அவளுக்கு அந்தத் தெருவில் கதவிலக்கமே இல்லை.

எட்டாம் நாள் ஜேசிபி வந்தது.
ஆடிக் காற்றில் முள்ளில் மாட்டிய கேரி பைகள்
மரம் சாயும்வரை படபடத்தன.
டயர், தேங்காய்ச் சிரட்டை, கால் இல்லாத நாற்காலி,
தவளை குடியிருந்த பீங்கான் கோப்பை,
ஒரு பிள்ளையின் பழைய ரேங்க் அட்டை.
இரண்டு லோடு.
செலவு வகையறாவின் வரிப் பாக்கியில் ஏறும்;
எந்த வாரிசு எப்போது கட்டுவான் என்பது
ஜேசிபி டிரைவருக்குக் கவலையில்லை.
அவன் டீ கேட்டான். யாரும் தரவில்லை.

அப்புறந்தான் பார்த்தோம்.
மழை பெய்து மூன்று மாசம்,
குழியில் தண்ணி மட்டும் வற்றவில்லை.
மரம் நின்றவரை தெரியாமல் இருந்தது:
மூன்று சுவரின் அடியிலும்
வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன பிவிசி குழாய்கள்.
ஒன்றில் சோப்பு நுரை,
ஒன்றில் அரிசி கழுவின தண்ணி,
ஒன்றைச் சொல்ல வேண்டாம்.
எங்கள் கண்ணெதிரே ஒரு குழாய்
ஒரு குளியல் முழுக்கக் கொட்டி முடித்தது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு முகம்
சடாரென்று ஜன்னலைச் சாத்தியது.

சார் ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பில் அப்பியதைக் கல்லில் தேய்த்துக்கொண்டே
விரல் நீட்டி எண்ணினார்,
ஒருமுறை வலமிருந்து, ஒருமுறை இடமிருந்து.
பதினொன்று.
மாடத்தி சாய்ந்த மரத்தில்
விடுவிடுவென்று கிளை கழித்துக்கொண்டிருந்தாள்,
லாரி வருமுன்.

'நாளைக்கு வரும்போ
அரைக் கிலோ மைதா சேத்து வாங்கிரு,' என்றார் சார்.
'இங்கன எல்லாருக்கும் கதவு இருக்கு.'