மறுவருகை

வசந்த் குஞ்ச். மே மாதம். பகல் பதினொன்று.
என் பட்டியலில் பத்து வீடுகள்,
ஒவ்வொன்றும் நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குச் சமம் என்று
அலுவலகத்தில் எடை போட்டுத் தந்திருக்கிறார்கள்.

ஆறில் பூட்டு. இரண்டில் நாய்.
ஒன்பதாவதில் சங்கிலி விலகாத கதவு சொன்னது:
"மேடம் தூங்குகிறார்."
நாலாயிரம் மேடம்கள் தூங்குகிறார்கள் என்றெழுதக்
கட்டம் இல்லை.
'பதில் இல்லை' என்று குறித்தேன்.

பத்தாவது வீட்டுக்காரர் தேநீர் தந்தார்.
மாத வருமானம் எவ்வளவு என்றதும்
சர்க்கரையைக் கலக்கத் தொடங்கினார்.
நான் கிளம்பும்போதும் கலக்கிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டுக்கு அடியில் பதம் ரோகாயா.
சீருடைச் சட்டையில் முந்தைய காவலாளியின் பெயர்.
"என்னை எழுதலையா?"

விதிப்புத்தகம் தெளிவாகத்தான் இருக்கிறது:
ஒரே உலையில் உண்பவர்கள் ஒரு குடும்பம்.
அவருக்கு மூன்றாம் மாடியில் மதிய மிச்சம்,
ஏழாம் மாடியில் நேற்றைய ரொட்டி,
ஞாயிறானால் குருத்வாரா.
இத்தனை உலைகளில் உண்பவர் எந்தக் குடும்பம்?

ஜும்லாவில் அவர் மனைவியிடமும்
யாரோ ஒரு பெண் தாளோடு போயிருப்பாள்.
அங்கே அவர் ஒரு தொகை,
'வெளிநாட்டிலிருந்து வருவது' என்ற வரியில்.
இங்கே அதுவும் இல்லை.

மாலையில் லாஹிரி சாரின் திரையில்
அண்டை நாடுகள் வரிசையாக நின்றன.
ஒரு நாடு சம்பாதித்ததைச் சொல்லியிருந்தது,
இன்னொன்று சாப்பிட்டதை.
இரண்டையும் ஒரே தராசில் ஏற்றி
மூன்றாம் தசமத்தில் சண்டை.
"நம்ம கோடு அவ்வளவு தொய்யலையே" என்றார்,
கொடியில் துணி காயப்போட்டவர் போல.
எப்படித் தொய்யும் சார்?
தூங்குகிறவரும் இல்லை, படிக்கட்டடியாரும் இல்லை.
ஈரத்துணி இரண்டையும் எடுத்துவிட்டால்
எந்தக் கொடியும் நேர்தான்.
சொல்லவில்லை. ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது.

மறுநாள், பூட்டிய வீடுகளுக்கு மறுவருகை.
ரோகாயா விரல் மடக்கினார்:
"அஞ்சாம் மாடி லண்டன், தீபாவளிக்கு வரும்.
எட்டாம் மாடிக்கு நாலு கார், ரெண்டு மச்சினர் பேரில்.
ரெண்டாம் மாடி பால்காரனுக்குப் பாக்கி,
வெளியே தெரியாது."
பத்து வீட்டுக் கணக்கும் அவர் வாயில்.
எழுத எனக்கு அனுமதி இல்லை.

பிறகு கேட்டார்:
"உனக்கு எவ்வளவு தர்றாங்க?"

லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று
நிமிர்ந்து பார்த்தேன்.