ஏழு நாற்பது

அவருக்கு இப்போது நாற்பத்து மூன்று கிலோ.
அதுவும் போன வாரக் கணக்கு.
மிசி நோராய்னி இந்த முறை
தராசைக் காடியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.
"இனி வேண்டாம், அக்கா" என்றாள்
அவளுக்குத் தெரிந்த தமிழில்.
மருந்துக் குழாயில் ஐந்து மில்லிக்கு
சிவப்பு மையால் கோடு இழுத்துக் கொடுத்தாள்.
நாலு மணிக்கு ஒரு தரம்.
இரவிலும்.

பகாவ் முழுக்க எண்ணெய் ஆலை வாசம் வீசும் நாட்களில்
மூக்கை விரித்து இழுப்பார்.
எனக்குக் குமட்டும்.

போன புதன் லிம் கடைக் கோப்பி ஓ கேட்டார்.
பிளாஸ்டிக் பையில் கட்டி ஓடிவந்தேன்.
விழுங்க முடியவில்லை.
பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினேன்.
"சீனி பத்தல" என்றார்.

பார்க்க வருகிறார்கள்.
எல்லோர் கையிலும் ஆப்பிள்.
"ரொம்ப எளைச்சிட்டாரே" என்று
அவர் காதுபடவே சொல்லிவிட்டு
வாசலில் செருப்பு தேடுகிறார்கள்.
ஆப்பிள்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு.

வெள்ளி இரவு மூன்று மணிக்குப் பேச்சு வந்தது.
"பதினாலு இருபது.
ஆறு எண்பது."
திரும்பத் திரும்ப,
கூரைத் தகரத்தைப் பார்த்து.

விடிந்ததும் கொழுந்தன் வீரையா
கதவோரம் நின்று குரலைத் தணித்தான்:
"அண்ணி, அண்ணன் நம்பர் ஏதும் சொன்னாரா?"
சனிக்கிழமை. குலுக்கல் நாள்.
போகிற வாய்க்கு ராசி உண்டாம்.
கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்.
சிரிப்பு வந்தது.
சொன்னேன், இரண்டையும்.
சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று.

குலை ஏற்றிய லோரி பதினாலு டன் இருபது.
வெறும் லோரி ஆறு எண்பது.
எடைமேடையில் இருபத்தாறு வருஷம்
தினமும் அவர் போட்ட கழித்தல்.
டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று கூலி.
வீட்டுக்குள் கால் வைக்கும்போதே
அன்றைக்கு மிஞ்சியதைச் சொல்வார்,
வேறெதுவும் சொல்வதற்கு முன்னால்.
அதைக் கேட்டுத்தான் நான் அரிசி அளப்பேன்.

இப்போது கழித்தல் வரவில்லை அவருக்கு.
அங்கேயே நின்றுகொண்டிருந்தார்,
பின்னால் லோரிகள் வரிசை பிடித்ததுபோல் பதறிக்கொண்டு.
காதில் வாய் வைத்துச் சொன்னேன்:
"ஏழு நாப்பது.
ஏழு நாப்பதுங்க. நல்ல லோடு."
கை தளர்ந்தது.
சங்கு ஊதும்வரை தூங்கினார்.

வீரையாவுக்கு ஆறுதல் பரிசுகூட விழவில்லை.
ஞாயிறு காலை வந்தான்.
நம்பரைப் பற்றி மூச்சு விடவில்லை.
அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம்.
கேட்காமலே கைலியின் மறுமுனையைப் பிடித்தான்.
ஒண்ணு. ரெண்டு.
தூக்கினோம்.

"கனமே இல்லையே, அண்ணி" என்றான்
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவன் கால்பக்கம் நின்றான்.
தலை என் பக்கம்.