திரும்பி வரும் மூட்டை

ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.
அனுப்பும் செலவு தனி.
கைப்பேசிக் கூடையில் பதினோரு நாளாய்க் கிடக்கிறது
ஓர் ஆன்டெனா.
வாங்கவும் இல்லை, நீக்கவும் இல்லை.

"வாங்கிப் போடும்மா" என்கிறார் நஜ்முதீன்
கூத்தாநல்லூரிலிருந்து, ஏழு மெகாஹெர்ட்ஸில்,
டீ உறிஞ்சும் சத்தம் உட்பட.
அவர் மாடியில் நிற்பது வாங்கியது.
துருப்பிடிக்காத எஃகு. பெட்டி பிரித்த அன்றே
கொழும்புக்காரர் ஒருவரோடு பேசிவிட்டார்.
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
தேடிப் பார்த்தேன்.

நான் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் போடுகிறவள்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
"காய வச்சு எடுத்துட்டு வாங்க."
தை பிறந்தால் ஒரு நாளைக்கு
முப்பது தடவை சொல்கிற வாய் இது.

கோட்டூரில் மோட்டார் சுருள் கட்டும் பரணிதரன்
நீர்மூழ்கிக்குச் சுற்றி மிஞ்சிய கம்பியை
எடை போட்டுத் தந்தான்.
"எத்தனை குதிரை மோட்டாருக்கா?"
"தண்ணிக்கு இல்ல. பேச."
சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான்.

நூற்று நாற்பத்து மூன்றை ஏழு புள்ளி ஒன்றால் வகுத்து
வந்ததைப் பாதியாக்கினால்
கை ஒன்றுக்குப் பத்து மீட்டர், ஏழு சென்டிமீட்டர்.
நெல் அட்டியை அளக்கும் டேப்பால் அளந்தேன்.
நடுவில் பிவிசி குழாய்த் துண்டு,
ஈயம் வைத்த இடத்தில் ஒட்டுப்பசை, அதன்மேல்
சைக்கிள் டியூப்.
மொத்தச் செலவு எழுநூற்றுச் சொச்சம்,
விரலில் சுட்ட கொப்புளத்தைச் சேர்க்காமல்.

கம்பிக்கு இரண்டு முனை.
புயல் எங்கள் கொல்லையில் விட்டுவைத்தது
ஒரு தென்னை.

இரண்டாவது மரம் ஜெபமணி டீச்சருடையது.
"இடி இறங்குமா?"
"மேகம் கட்டினா கழட்டிடுவேன், டீச்சர்."
"டிவில கோடு விழுமா?"
"விழுந்தா சொல்லுங்க."
வேலிக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் யோசித்தார்.
"எளநி வெட்டுற அன்னைக்கு
எறக்கிடணும்."
ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்து இல்லை.

முதல் நாள் முள் இரண்டு புள்ளி எட்டில் நின்றது.
நான் அனுப்பியதில் ஏறக்குறைய கால் பங்கு
வந்த வழியே திரும்பிவிட்டது,
தார்ப்பாயோடு, வண்டியோடு,
முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.
ஆலத்தம்பாடி விவசாயிகள் அத்தனை பேரும்
அன்றிரவு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

உறை போட்ட கம்பி
தன் நீளத்தைவிட நீளமாய் நடந்துகொள்ளுமாம்.
விற்கிறவன் இதையெல்லாம் கடையிலேயே
வெட்டிக் கொடுத்துவிடுகிறான்.
நான் வெட்டினேன். ஏற்றினேன். இறக்கினேன்.
ஐந்து சென்டிமீட்டர். இன்னும் ஐந்து.
நாலாவது நாள், முள்ளியாற்றுப் பாலத்தில்
கடைசி பஸ் போகும் நேரத்தில்
ஒன்று புள்ளி மூன்று.
ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரசீது தரவில்லை.

அழைத்தேன். இரைச்சல்.
அழைத்தேன். எவருடைய பம்புசெட்டோ உறுமியது.
பிறகு கார்வாரிலிருந்து ஒரு குரல்,
என் பெயரை இரண்டாகப் பிளந்து உச்சரித்து,
"ஐந்து, ஏழு" என்றது.
என்ன ஆன்டெனா என்று கேட்டது.
டீச்சர் மரம் என்று சொல்ல வாய் வந்து
"டைபோல்" என்றேன்.

இன்று வியாழன்.
இளநீர் வெட்ட ஆள் வந்திருக்கிறான்.
ஒப்பந்தப்படி கம்பி வேலிமேல் கிடக்கிறது,
ஒரு முனை சாணிக் குழியில்.
வானொலியை அணைக்க மறந்திருக்கிறேன் போல.
உள்ளேயிருந்து, மெலிதாக, டீ உறிஞ்சும் சத்தம்.
"என்னம்மா, வாங்கியாச்சா?"

எனக்குக் கேட்கிறது.
நான் பேசினால் அவருக்குக் கேட்காது.
ஒலிவாங்கியை எடுத்தேன், வைத்தேன்.
மரத்தில் இன்னும் இரண்டு குலை பாக்கி.